அணுகுண்டுப் பெட்டியில் என் வலது கை

திருத்தங்கல் அச்சகத்தில் பட்டாசு லேபிள் டிசைன் செய்கிறவன் நான். இன்று காலை வந்த வேலை, செல்வத்தின் படத்தை அணுகுண்டுப் பெட்டியில் போடுவது.

செல்வம் என்னோடு கராத்தே கற்றவன். இப்போது பாங்காக்கில் கூண்டுக்குள் சண்டை போடுகிறான். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை. ஜெயித்தால் பேப்பரில் படம் வருகிறது. தோற்றாலும் வருகிறது.

"நம்ம ஊர்ப் புள்ளய்யா" என்றார் ஆர்டர் கொடுத்த அண்ணாச்சி. நானும் நம்ம ஊர்தான்.

அவர் கொடுத்த போட்டோவில் கழுத்துக்குக் கீழே முழுக்க விளம்பரப் பனியன். "தலைய மட்டும் வெட்டி வேற ஒடம்புல ஒட்டிருங்க" என்றார். எங்கள் தொழிலில் இது சகஜம்.

என்னிடம் ஓர் உடம்பு இருந்தது. சாத்தூர் கராத்தே போட்டியின் ஃபைனலில் செல்வத்தை நான் வீழ்த்திய அன்று, சட்டையில்லாமல் எடுத்துக்கொண்ட போட்டோ. ஒட்டினேன். கச்சிதமாகப் பொருந்தியது.

மதியம் அண்ணாச்சி வந்து பார்த்தார்.

"மூஞ்சி ஜோரா இருக்கு. ஒடம்புதான் நோஞ்சானா இருக்கு. எங்கன புடிச்சீக இத?"

"நெட்டுல, அண்ணாச்சி."

"மாத்திருங்க."

மாற்றிவிட்டேன், வலது கையைத் தவிர. தீபாவளிக்குப் பெட்டி வாங்கினால் பாருங்கள். முன்னால் நீட்டியிருக்கும் முஷ்டி என்னுடையது. அவனை வீழ்த்திய அதே முஷ்டி.

அன்று சாத்தூரில் இருந்தவர்கள் யாராவது கீழே கமெண்டில் ஒரு வார்த்தை சொல்லுங்களேன். இப்போதைக்கு எனக்கு இருக்கிற ஒரே சாட்சி செல்வம்தான். அவனிடம் போய்க் கேட்க மனசு வரவில்லை.