ரேடியேட்டரில் ஊறிய புளி

1. ஆஸ்பத்திரிக் காரின் ரேடியேட்டரில் துரு படிந்திருந்தது. புளித்தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னது நான்.

2. மூன்றாம் நாள் காலை, மலைமேல் திருப்புலி நாட்டிலிருந்து ஒரு கர்ப்பிணியைத் தூளி கட்டி முள்ளுக்குறிச்சியில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது.

3. ஆபரேஷனுக்கு ராசிபுரம் கொண்டுபோகையில் பாதி வழியில் கார் நின்றது.

அப்போது நான் பயிற்சி முடித்து வந்த புது நர்ஸ். டிரைவர் அண்ணன் பானட்டைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. ரேடியேட்டரின் ஈயப்பற்று விட்ட இடத்தில் பச்சை நிறத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. புளியை எப்போது கழுவினீர்கள் என்று கேட்டேன்.

"இன்னும் கழுவலீங்க அம்மிணி. பித்தளைக் குண்டாவுக்கு ஊற ஊறத்தானுங்களே பளபளப்பு? அப்படியே உட்டுட்டேன்."

ஊறிய புளி ஈயப்பற்றை அரித்துவிட்டிருந்தது. கத்தரிக்கோல் துருப்பிடிக்காமலிருக்கத் தினமும் சோடா உப்புத் தண்ணீரில் கொதிக்கவைப்பவள் நான். புளியை உடனே இறக்கி, சோடா உப்பால் அலசி, நல்ல தண்ணீர் மாற்றுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கர்ப்பிணியோடு வந்த கணவன் வயல் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீரோடு ஓடிவந்தான். அண்ணன் மறித்தார். "சூட்டுல ஊத்துனா இஞ்சின் பொளந்துருஞ் சாமி. ஆறட்டும்."

"அவ ஆறுவாளுங்களா?" என்றான் அவன்.

பின்சீட்டில் மண்டியிட்டு, மரக்குழலை அவள் வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பை எண்ணினேன். அவள் என் மணிக்கட்டை விடவில்லை. ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை குறைந்தது. யாரிடமும் சொல்லாமல் மீண்டும் எண்ணினேன். இஞ்சின் ஆறியதும் அண்ணன் அவர்களுடைய மூட்டையைப் பார்த்தார். "ராகி மாவு இருக்குதுங்களா?"

"அவளுக்குக் கூழு காச்சக் கொண்டாந்ததுங்க."

"முதல்ல வண்டி குடிக்கட்டும். அப்புறம் அவிய குடிப்பாங்க."

மாவைக் கரைத்து ஊற்றிக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினார். கொஞ்ச தூரம் போனதும் மாவு வெந்து ஓட்டையை அடைத்தது; சொட்டு நின்றது. ராசிபுரம் சேருமுன்பே மரக்குழலில் எனக்கு எதுவும் கேட்காமலாகியிருந்தது.

தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. முன்பே வந்திருந்தாலும் கடினம்தான் என்றார் டாக்டர். அதை அவர் என்னைத் தேற்றச் சொன்னாரா, தெரியாது. பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் புளி யார் யோசனை என்று விசாரித்தபோது, "என்னோடதுங்க" என்றார் அண்ணன். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

இப்போது வேறு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். இங்கே ரேடியேட்டர் கழுவும் நாளில் நானே கூட நிற்கிறேன். டிரைவர் அண்ணனுக்கு அப்போதே வேலை போய்விட்டது. அந்தக் கணவனிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.