குளியலறையில் ஒரு தேன் காளான்

ஹைதராபாத்தில் தேன் காளான் கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொண்டாப்பூரில் எங்கள் அடுக்ககத்துப் புல்தரையில் ஏதாவது குடை விரிக்கும். யாராவது போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "அங்கிள், இது உங்க ஹனி மஷ்ரூமா?" என்று கேட்பார்கள். இல்லை என்று பதில் போடுவேன். அதற்கு நாலைந்து பேர் கை கூப்பும் பொம்மை அனுப்புவார்கள். வருஷத்தில் இந்தக் குடியிருப்போடு எனக்குள்ள பேச்சுவார்த்தை பெரும்பாலும் அவ்வளவுதான்.

தேன் காளான் என்பது தொப்பியின் தேன் நிறத்தால் வந்த பெயர். இனிக்காது. அதற்குக் குளிர் வேண்டும், மரம் வேண்டும், ஈரம் காயாத மண் வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் காடு காடாகப் பரவியிருக்கிறது. நம் பக்கம் இமயமலைச் சரிவுகளிலும் தெற்கே உயர்ந்த மலைகளிலும் எப்போதாவது கண்ணில் படும். மண்ணுக்கடியில் ஷூ கயிறு போலக் கறுப்பு இழைகளை நீட்டி ஒரு மரத்தின் வேரிலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும். பட்டைக்குள் நுழைந்து மரத்தைக் கொல்லும். கொன்ற பிறகும் போகாது, செத்த கட்டையிலேயே வருஷக்கணக்காகக் குடியிருக்கும். நாம் பார்க்கும் குடைகள் சில நாள் கூத்து. உண்மையான உயிர் கட்டைக்குள் இருக்கும் வெள்ளைப் பூஞ்சைதான்.

என்னிடம் உள்ள தேன் காளான் பூஞ்சையை நீலகிரியில், கோத்தகிரிக்கு மேலே ஒரு சோலை ஓரம், வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டையில் எடுத்தேன். அப்போது வாலிபம். பிறகு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. சோளத்துக்கும் கொண்டைக்கடலைக்கும் வரும் நோய்களைப் பார்க்கும் வேலை. தேன் காளானுக்கும் அந்த வேலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் ஒரு கண்ணாடிக் குழாயில் அதையும் கூட்டிக்கொண்டு வந்தேன்.

பழைய புத்தகங்களில் உலகத்துத் தேன் காளான் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். பிறகுதான் சிலருக்குச் சந்தேகம் வந்து, வித்திலிருந்து வளர்த்த பூஞ்சைகளை இரண்டிரண்டாக ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே இனம் என்றால் இரண்டும் கலந்து, பஞ்சு போல எழும்பி நிற்பது படிந்து போகும். வேறு இனம் என்றால் அதது பாட்டுக்கு எழும்பியே நிற்கும், சேராது. அப்படிப் பார்த்ததில் ஒரு பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருந்தது தெரிந்தது. நானும் பெயர் தெரிந்த இனங்களை வெளியிலிருந்து வரவழைத்து என்னுடையதோடு வைத்துப் பார்த்தேன். எதோடும் அது சேரவில்லை. உடனே "உங்களை மாதிரியே" என்று சொல்ல வாயெடுக்காதீர்கள். எனக்குக் கல்யாணம் ஆகாததைக் கேட்டவர்கள் எல்லாரும் அதைச் சொல்லி முடித்துவிட்டார்கள்.

புது இனம் என்று எழுத ஆசைப்பட்டேன். ஒரு மாதிரி போதாது, இன்னும் கொண்டுவா என்றார்கள். திரும்பப் போனபோது அந்தக் கட்டையை யாரோ விறகுக்குப் பெயர்த்துவிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ விடுமுறைகளில் அந்த மலையில் அலைந்தேன், கிடைக்கவில்லை. ஆகவே அதற்கு இன்றுவரை பெயர் இல்லை. ஓய்வு பெற்ற அன்று ஆய்வகத்தில் அதை வைத்துக்கொள்ள யாருக்கும் ஆர்வமில்லை. வீட்டுக்கு எடுத்து வந்து ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டில், கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சில மாதங்களுக்கு ஒருமுறை கடல்பாசியில் மால்ட் கலந்து தட்டில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கு ஏற்றி, ஒரு துணுக்கை வெட்டிப் புதுத் தட்டுக்கு மாற்றுவேன். அது வளர்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளியலறைக்குள் எடுத்துப் போவேன். வென்டிலேட்டரில் அட்டை ஒட்டியிருக்கிறேன், கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைப்பேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தால், கால் மணி நேரத்துக்கு மேல் ஆனபின், கண் இருட்டுக்குப் பழகியதும், அது தெரியும். தேன் காளானின் பூஞ்சை ஒளிரும். கேமராவில் எடுத்தால் பச்சை. வெறும் கண்ணுக்கு நிறமே கிடையாது, அவ்வளவு மங்கல். நேராகப் பார்த்தால் மறையும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் வரும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். வீட்டில் நானும் இன்னொன்றும் இருக்கிறோம் என்று அந்த நேரத்தில் மட்டும் எனக்குத் தோன்றும்.

போன மே மாதம் எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனது. அடுக்ககத்து ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் மட்டும். கரண்ட் வருவதற்குள் ஃப்ரிட்ஜுக்குள் பால் திரிந்து, தட்டின் மூடியெல்லாம் வியர்த்திருந்தது. பதறிப்போய்ப் புதுத் தட்டுக்கு மாற்றினேன். வெள்ளையாக வளர்ந்தது. ஆனால் வெள்ளையாக வளர்வதெல்லாம் அது இல்லையே. காற்றில் வரும் கண்ட பூஞ்சையும் அப்படித்தான் வளரும். கறுப்பு இழை விட்டால் நிச்சயமாகச் சொல்லலாம், ஆனால் இத்தனை வருஷம் தட்டிலேயே வாழ்ந்து அது இழை விடுவதை மறந்துவிட்டிருந்தது. ஒளிர்கிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் எனக்கு வழி.

குளியலறையில் உட்கார்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. அடுத்த ஞாயிறும் தெரியவில்லை. அதற்கடுத்த ஞாயிறு ரொம்ப நேரம், இடுப்பு பிடித்துக்கொள்ளும்வரை உட்கார்ந்தேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. சில மாதங்களாகவே மாலை வேளையில் படியில் கால் தடுமாறுகிறது. சினிமா தியேட்டருக்குள் போனால் நாற்காலியே தெரிவதில்லை. இறந்துபோனது தட்டில் இருப்பதா, என் கண்ணா?

பரிசோதனைக்கு அனுப்பலாமே, டாக்டரிடம் போகலாமே என்பீர்கள். போகலாம். இரண்டையும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். எந்தப் பதில் வந்தாலும் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம். கண்ணாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். சாமி கும்பிடாத ஆள், யாரிடம் வேண்டினேன் என்று கேட்காதீர்கள்.

இன்னொருவருடைய கண் இருந்தால் ஒரே மத்தியானத்தில் தீர்ந்துவிடும் விஷயம். யாரைக் கூப்பிடுவது? அறுபதைத் தாண்டிய தனிக்கட்டை ஒருவன், என்னோடு குளியலறைக்கு வந்து விளக்கை அணைத்துவிட்டு அரைமணி நேரம் உட்காருங்கள் என்று யாரிடம் கேட்க முடியும்? வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் கேட்டால் துடைப்பத்தாலேயே பதில் வரும். தம்பி அம்பாசமுத்திரத்தில் இருக்கிறான். போனில் இருக்கும் பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனேன். பிளம்பர், கேஸ், பேங்க், பால். இந்த ஊரில் பாதி ஆயுளைக் கழித்திருக்கிறேன், இருட்டில் பக்கத்தில் உட்காரச் சொல்ல ஆளில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

கடைசியில் கீழ்வீட்டுக்காரரை லிஃப்டில் மடக்கினேன். மதுரைப் பக்கத்து இளைஞர், மாதாப்பூரில் ஐ.டி. வேலை. தன்மையான மனிதர். விஷயத்தைச் சொன்னதும் ஒரு நொடி விழித்தார். "சரிங்க சார், வர்றேன்" என்றார். சனிக்கிழமை வந்தார், மனைவியும் கூடவே வந்து ஹாலில் உட்கார்ந்துகொண்டார். அவர்மேல் தப்பில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து விளக்கை அணைத்தேன். சிறிது நேரத்தில் அவர் கைக்கடிகாரம் பளிச்சென்று எரிந்தது. ஏதோ மெசேஜ். ஒரு தடவை வெளிச்சம் பட்டால் கண் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். கழற்றச் சொன்னேன். அதற்குப் பிறகு சட்டைப் பையில் போன் எரிந்தது. அதையும் வெளியே வைத்துவிட்டு மூன்றாம் முறையாக ஆரம்பித்தோம். நான் தொழில் புத்தியில் இரண்டு தட்டு வைத்திருந்தேன், ஒன்றில் பூஞ்சை, இன்னொன்று ஒன்றும் வளராத வெறும் தட்டு. முதலில் வெறும் தட்டை நீட்டி, "தெரியுதா?" என்றேன்.

"தெரியுது சார்" என்றார். "நல்லா பச்சையா, சூப்பரா இருக்கு சார்."

இணையத்தில் படம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அடுத்த நொடியே அடங்கியும் போனது. கிழவன் மனம் நோகக்கூடாது என்று சொன்ன பொய். நன்றி சொல்லி அனுப்பிவைத்தேன். இரண்டாவது தட்டை நான் நீட்டவே இல்லை.

இன்னும் ஒருவர் இருந்தார். அவரைக் கூப்பிடக்கூடாது என்றுதான் இவ்வளவு சுற்றினேன். ஆய்வகத்தில் என்னோடு பக்கத்து மேஜையில் வேலை பார்த்த விஞ்ஞானி. செகந்திராபாத்தில் வெள்ளைக்காரன் காலத்திலேயே குடியேறிய தமிழ்க் குடும்பம். என் புது இனத்தைப் பற்றி நான் பேசிய கூட்டத்தில் எழுந்து, ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு இனம் என்று சொல்வது பேராசை என்று எல்லார் முன்னாலும் சொன்னவர். அவர் சொன்னது சரி. சரி என்பதால்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அதற்குப் பிறகு நல்ல நாள் வாழ்த்தோடு நிறுத்திக்கொண்டோம். அவர் கணவர் காலமானபோது போய் வாசலில் செருப்பைக் கழற்றி, கை கூப்பி, திரும்பி வந்தேன்.

"மேடம், ஒரு உதவி" என்றேன் போனில். "எங்க வீட்டு பாத்ரூம்ல கொஞ்ச நேரம் இருட்டுல உட்காரணும்."

அந்தப் பக்கம் டி.வி. சத்தத்தைக் குறைப்பது கேட்டது. பிறகு, "அது இன்னும் இருக்கா?" என்றார்.

"அதுதான் தெரியல மேடம்."

"ஹவ் ஹவ், கண்டிப்பா வரேன். சண்டே வரேன், டிராஃபிக் இருக்காது."

ஹைடெக் சிட்டி வரை மெட்ரோவில் வந்து அங்கிருந்து ஆட்டோ பிடித்து வந்தார். முழங்கால் வலியோடு மெதுவாக நடந்தார். நான் எதுவும் சொல்லுமுன்பே கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பையில் போட்டு, பையை ஹால் மேஜையில் வைத்தார். உள்ளே வந்து வென்டிலேட்டரை நிமிர்ந்து பார்த்து, ஒரு மூலையில் பிரிந்திருந்த அட்டையை அழுத்தி ஒட்டினார். நாற்காலியில் அவர், வாளியில் நான். விளக்கை அணைத்தேன்.

கண் பழகும்வரை பேசிக்கொண்டிருந்தோம். யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்பதைத்தான். பிறகு அவரே, "ம், காட்டுங்க" என்றார்.

வெறும் தட்டின் அடியில் விரலுக்குத் தட்டுப்படும்படி ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தேன். முதுகுக்குப் பின்னால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்து முன்னால் நீட்டினேன். எனக்கு இரண்டு கையும் ஒரே கறுப்பு.

அவர் அவசரப்படவில்லை. "உங்க வலது கை" என்றார்.

டேப் இடது கையில் இருந்தது. மறுபடி மாற்றி நீட்டினேன். "இப்போ இடது." சரி. இன்னொரு தடவை. அதுவும் சரி. என் கை சட்டைப் பைக்குப் போனது, துணி சரசரத்தது.

"பையில இன்னொரு வெறும் தட்டு வச்சிருப்பீங்க. ரெண்டு கைலயும் வெறும் தட்டக் காட்டி என்னை டெஸ்ட் பண்ணத்தானே? நக்கோ, வேணாம். எதுக்கு இவ்ளோ சோதனை? எனக்குத் தெரியுது, போதும்."

கையை எடுத்துவிட்டேன். உண்மையிலேயே வைத்திருந்தேன்.

உயிரோடு இருக்கிறது. அந்தச் சந்தோஷம் என் உடம்பு முழுக்க ஓடியது. வேண்டிக்கொண்டபடியே நடந்துவிட்டது. வேண்டிக்கொண்டது என்ன என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

"உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?" என்றார்.

"இல்ல."

"கொஞ்சம் தள்ளிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மேடம்."

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அதற்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். "எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று கேட்டேன். அழுகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"கலர்னு ஒண்ணும் சொல்ல முடியல. வெளுப்பா இருக்கு. நடுவுல இல்ல, அங்க பழசு. ஓரத்துலதான் ஜாஸ்தி. கீழ்ப்பக்கம், என் பக்கமா, ஒரு விரல் அகலத்துக்கு நல்லாவே இருக்கு. அங்கதான் வளருது."

"இன்னும் சொல்லுங்க."

சொன்னார். சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனாலும் சொன்னதையே நிதானமாகத் திரும்பச் சொன்னார்.

விளக்கைப் போட்டதும் அது புளித்த மாவில் பூத்தது போல ஒரு அசட்டு வெள்ளையாக இருந்தது. காபி போட்டுக் கொடுத்தேன். "கண்ணை சீக்கிரம் காட்டுங்க, இதைத் தள்ளிப் போடாதீங்க" என்றார். காட்டுகிறேன் என்றேன். அவர் மகன் சியாட்டிலுக்குக் கூப்பிடுகிறானாம், தசரா முடிந்ததும் கிளம்புகிறாராம். அதைத் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "புது இனம்னு நான் இன்னும் ஒத்துக்கல" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். லிஃப்ட் வந்தது, போய்விட்டார்.

தம்ளர்களைக் கழுவி வைத்தேன். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு மறுபடி குளியலறைக்குப் போய், துண்டைச் சுருட்டி வைத்து, விளக்கை அணைத்து, அவர் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் ஆயிற்று, அதற்கு மேலும் ஆயிற்று. ஒன்றும் தெரியவில்லை. கீழ்ப்பக்கம், ஓரத்தில், ஒரு விரல் அகலத்துக்கு என்று அவர் சொன்ன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.