கள்ளிக்காட்டுக் கோயில்ல நான் விழுந்து கும்புட்டது

சுனாமி வந்துதே, அதுக்கு முந்தின சித்திரை. ஆரணி பஸ் ஸ்டாண்டுல எலெக்சன் மைக்கு கத்திகினு இருந்துது, நானும் என் சம்சாரம் சரோஜாவும் பொட்டியைத் தூக்கிகினு அமெரிக்கா கெளம்பினோம். எங்க புள்ளை குமரேசன் அரிசோனாவுல இருக்கறான். நாங்க பட்டு நெசவு. நான் தறியில உக்காந்தா அவ நூலு சுத்திக் குடுப்பா.

அங்க போயி பத்து நாளு கூட ஆவல, அவளுக்கு மாருல இறுக்கம். நாலு படி ஏறினா உக்காந்துக்குவா. டாக்டர்கிட்ட போலாம்னா, காஸுன்றா. குமரேசன் அப்பதான் புது வேலையில சேந்திருந்தான். "அவனைப் பேஜார் பண்ணாதய்யா, என் மேல சத்தியம் பண்ணு"ன்னு என் கையைப் புடிச்சி தன் தலையில வெச்சிகினா. பண்ணிட்டேன். முட்டாத்தனம். மீறினா அவளுக்கே ஏதாவது ஆயிடும்னு பயம். சொல்லாம இருக்கவும் பயம். எனக்கு சோறு எறங்கல.

ஒரு ஞாயித்துக்கெழமை குமரேசன் பழைய கோயிலு ஒண்ணுக்குக் கூட்டிகினு போனான். ஸ்பெயின்காரங்க ஆண்டப்போ அவங்க பாதிரிமாரு கட்டினதாம், எரநூறு வருசமாச்சாம். மண்ணு சொமந்தது அந்த ஊரு பூர்வகுடி சனங்களாம். சுத்தியும் கள்ளிக்காடு, நடுவுல வெள்ளை வெளேர்னு நிக்குது. வாசல்ல பொம்பளைங்க பந்தல் போட்டு மாவைத் தட்டி எண்ணெயில போட்டுகினு இருந்தாங்க. அந்த வாசனைக்கு ஆடி மாசத்து படவேட்டு அம்மன் கோயிலு ஞாபகம் வந்துடுச்சி. அப்பல்லாம் மாட்டு வண்டிதான். சரோஜா புதுப்பொண்ணு, வண்டியில ஏறினதும் வாந்தி எடுப்பா, எறங்கினதும் பொரி கேப்பா. சரி, அதை விடுங்க.

உள்ள மரத்துல ஒரு சாமியாரு செலை, படுத்தாப்புல. மேல போத்தின துணி பூரா தகட்டுல செஞ்ச குட்டிக் குட்டி காலு, கையி, கண்ணு குத்தி வெச்சிருக்குது. அப்படியே நின்னுட்டேன். நாம அம்மனுக்கு நேந்துகினு வெள்ளியில கண்ணு, காலு போடறோமே, அதேதான்.

"இந்த சாமியாரு நம்ம தமிழ்நாட்டுக் கடலோரமெல்லாம் வந்து இருந்தவரு நைனா. தமிழ்கூட கத்துகினாராம்"னு சொல்லிட்டு, குமரேசன் போட்டோ புடிக்க வெளிய போனான்.

தமிழ் தெரிஞ்சவருன்னதும் எனக்குத் தெம்பு வந்துது. சாமிகிட்ட சொன்னா சத்தியம் மீறினதாவாது. படவேட்டுத் தாயே, அம்மா ரேணுகா, இங்க நீ எந்த ரூபத்துல இருக்கியோ தெரியல, இவருகிட்ட சொன்னா உனக்கு வந்து சேரட்டும், என் சரோஜாவைக் காப்பாத்துன்னு சொல்லி, நெடுஞ்சாண்கிடையா விழுந்துட்டேன். அழுவை வந்துடுச்சி. எழுந்துக்க முடியல.

அங்க யாரும் அப்படி விழமாட்டாங்க போல. மயக்கம்னு நெனச்சி ஒரு அம்மா ஓடியாந்தாங்க. அந்த ஊரு பூர்வகுடி, நரைச்ச தலை. ஆஸ்பத்திரி நர்ஸுன்னு அப்பறம் தெரிஞ்சிது. என்னைப் பொரட்டி நாடி புடிச்சாங்க. நான் சாமியைக் காட்டிக் கும்புட்டேன். புரிஞ்சிகினு சிரிச்சாங்க. சிரிச்சிகினே திரும்பினவங்க, பெஞ்சில இருந்த சரோஜாவைப் பாத்தாங்க. சிரிப்பு நின்னுபோச்சி.

மூஞ்செல்லாம் வேர்வை, ஒதடு வெளுத்து, எடது தோளை அமுக்கிகினு இருக்கறா. அந்தம்மா என்னை வுட்டுட்டு ஜல்தியா அவ கையைப் புடிச்சாங்க. குமரேசன் ஓடியாந்தான். அப்பவும் இவ, சோடா குடிச்சா போயிடும்டான்றா. ஆம்புலன்சு வந்துது. நெஞ்சு ரத்தக் கொழாய்ல அடைப்புன்னு கம்பி வெச்சாங்க. இன்னும் ஒரு நாளு போயிருந்தா கஷ்டம்னாங்களாம்.

மறுநாளு கண்ணைத் தொறந்ததும் மொதக் கேள்வி, "நீதான சொன்ன?"

"சாமிகிட்ட மட்டுந்தான்டி சொன்னேன்."

"அப்ப அந்தம்மாவுக்கு யாருய்யா சொன்னது?"

நான் சன்னல் பக்கம் திரும்பி அம்மனை நெனச்சி கையெடுத்துக் கும்புட்டேன்.

ஊருக்கு வந்ததும் வெள்ளியில நெஞ்சு செய்யச் சொன்னேன். கண்ணு, காலுக்குத்தான் அச்சு இருக்குதுன்னாரு ஆசாரி. கையாலயே தட்டிக் குடுத்தாரு, மாங்கா மாதிரி வந்துது. படவேட்டம்மாவுக்கு ஒண்ணு, குமரேசன் ஊருக்கு வந்தப்போ அவன் கையில அந்த சாமியாருக்கு ஒண்ணு. சரோஜா நேத்துகூட எங்கிட்ட சண்டை போட்டா. கேக்கக் கேக்க சொகமா இருந்துது.

எந்த தேசத்துல, எந்த வாசல்ல நின்னு கூப்பிட்டாலும் அம்மனுக்குக் கேக்குதுங்க. நம்பிக் கூப்புடுங்க. இப்பல்லாம் எங்க வீட்டுல யாரும் நோவை மறைக்கறதில்ல. உங்க தெருவுலயும் புள்ளைங்களுக்குத் தொல்லை குடுக்கக்கூடாதுன்னு வாயை மூடிகினு ஒரு பெரியம்மா இருப்பாங்க. இன்னிக்கே போயி அவங்ககிட்ட இதைச் சொல்லிடுங்க.