எங்கட பாட்டு

அந்தப் பாட்டின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் உடனே கைப்பேசியில் தேடிக் கேட்டுவிட்டு, "இது எங்கட சினிமாப் பாட்டின்ர கொப்பியெல்லோ" என்று எனக்கே பாடம் எடுக்க வருவீர்கள். அப்படி வந்தவர்கள் ஏற்கெனவே நிறைய. அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'சோல்' என்கிற இசை வகையில் ஒரு பழைய பாட்டு அது. நான் பிறப்பதற்கு முன்பே வந்தது. யார் யாரைப் பார்த்துப் போட்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பாடகியின் குரலைப் பற்றி உலகமே பேசுகிறது, பேசட்டும். நான் பேஸ் கிட்டார் வாசிப்பவள். என் காது குரலுக்குக் கீழேதான் போகும். அங்கே தாழ்ந்த சுரங்களில் ஒரு சின்ன ஓட்டம் இருக்கிறது. விறுவிறு என்று ஏறும், கொஞ்சம் நிற்கும், பிறகு ஆறுதலாக இறங்கும். புலம்பெயர்ந்து வந்த இந்தப் பிரெஞ்சு பேசும் ஊரில், விமான நிலையம் இருக்கும் டோர்வலில், விமானச் சாப்பாடு தயாரிக்கும் இடத்தில் தட்டு அடுக்குகிறேன். பக்கத்தில் நிற்கும் ஹெய்ட்டிக்காரி ஒருநாள் அதை முணுமுணுத்தபோது கையிலிருந்த தட்டைக் கீழே விடப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் மினிபஸ்காரர்கள் ஓயாமல் போட்ட ஒரு சினிமாப் பாட்டுக்குக் கீழே ஓடியது அதுதான்.

அதற்குப் பிறகு அது என்னை விடவில்லை. தெப்பனர் என்று இங்கே சொல்லும் மூலைச் சில்லறைக் கடையில் பால் வாங்கப் போனால் கடைக்காரரின் ரேடியோவில் கேட்டது. மகள் கேட்கும் பிரெஞ்சு ராப்பிலும் கேட்டது. எங்கள் பங்குக் கோயிலில் நான் வாசிக்கிற மாதா பாட்டிலேயே அது இருந்தது. மன்னாரில் அதற்கு மெட்டுப் போட்ட புண்ணியவான் இளமையில் எதையெல்லாம் கேட்டாரோ, மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

கோயிலில் வாசித்ததைக் கேட்டுத்தான் கலியாணங்களுக்குப் போகும் இசைக்குழு ஒன்று என்னைச் சேர்த்துக்கொண்டது. குழுவை நடத்துபவர் கீபோர்ட் அண்ணை. போன கோடையில் அவர் புதிதாக ஒரு கீபோர்ட் வாங்கினார். வாங்கிய கையோடு என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, குறை நினைக்காதையும். இந்த மெசினுக்குள்ளேயே பேஸ் இருக்கு. வாற சனிக்கிழமைக் கலியாணத்தோட நீர் நிப்பாட்டலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிழமை முழுவதும் நான் தட்டு அடுக்குவதே சனிக்கிழமை மேடை ஏறத்தான். அதைப் பிடுங்கினால் எனக்கு மிஞ்சுவது தட்டு மட்டும். ஆனாலும் கெஞ்சுவது என் பரம்பரையிலேயே இல்லை. "சரி அண்ணை" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை வில்லரேயில் மண்டபம். பெண் எங்கட பிள்ளை, மாப்பிள்ளை ஹெய்ட்டிக் குடும்பம். அண்ணை எங்கள் பாட்டுகளை வாசித்தார். மாப்பிள்ளை வீட்டார் மரியாதைக்குக் கை தட்டினார்கள். ஆங்கிலப் பாட்டு ஒன்றை எடுத்தார். எங்கள் ஆட்கள் ஐஸ்கிரீம் எடுக்க வரிசையில் போய் நின்றுவிட்டார்கள். ஆடுவதற்கு விட்ட இடத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் தனியாக நின்றார்கள். பெண் சிரித்துக்கொண்டுதான் நின்றாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. அண்ணை அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் யாரையும் கேட்கவில்லை. அந்த ஓட்டத்தைத் தொடங்கினேன்.

"என்ன செய்யிறீர்?" என்றார் அண்ணை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் எழும்பியது மாப்பிள்ளையின் பெரியம்மா. பெரிய தொப்பி, அதைவிடப் பெரிய குரல். மேடைக்கு வந்து மைக்கைப் பிடித்து அந்தப் பழைய சோல் பாட்டையே பாடினார். நடுவில் ஒரு சுரத்தைப் பிடித்தவர் அதை விடவேயில்லை. மெசின் என்றால் தன்பாட்டுக்கு ஓடியிருக்கும். நான் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு காத்து நின்றேன். அவர் மூச்சு விட்டு இறங்கியபோது நானும் சேர்ந்து இறங்கினேன். மண்டபமே கூவியது.

அடுத்தது பெண்ணின் தாய்மாமா. ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு ஓடிவந்து, அதே ஓட்டத்தின் மேல் எங்கள் மினிபஸ் பாட்டை எடுத்துவிட்டார். சுருதி கொஞ்சம் முன்பின்தான், ஆனால் தாளம் தப்பவில்லை. பிறகு இரண்டு பக்கத்து இளசுகளும் சேர்ந்து பிரெஞ்சில் ராப் தொடங்கினார்கள். சேலையும் தொப்பியும் கலந்து ஆடின. பெண் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினாள். என் விரல் நுனி எரிந்தது. அவ்வளவு சந்தோஷத்தை நான் இந்த ஊரில் அதுவரை அனுபவித்ததில்லை.

மாமா வியர்வையோடு என்னிடம் வந்தார். "பாத்தீரே பிள்ளை, எங்கட பாட்டை அவையளும் பாடமாக்கி வச்சிருக்கினம்."

பெரியம்மாவும் வந்தார். தங்களுடைய பாட்டு உங்கள் ஆட்களுக்கு எப்படித் தெரியும் என்று பிரெஞ்சில் கேட்டார். வேறு நாள் என்றால் இருவரையும் உட்காரவைத்து முழு வரலாற்றையும் ஒப்புவித்திருப்பேன். அன்று இருவருக்கும் தலையாட்டினேன். எத்தனை பேர் சொந்தம் கொண்டாடினாலும் அந்தப் பாட்டு குறைந்துபோகப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை, வேலை இடைவேளையில் கீபோர்ட் அண்ணையின் அழைப்பு வந்தது.

"தங்கச்சி, லவாலில ஒரு கலியாணம். அவை எங்கட குழு வருமோ எண்டு கேக்கேல்லை. பேஸ் அடிச்ச பிள்ளை வருவாவோ எண்டுதான் கேக்கினம்."

"யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஒரு இரவு முழுக்க அவர் யோசிக்கட்டும்.