கண்ணை மறைத்து விண்ணைக் காட்டும் வேலை

மனிதத் தலை எதுவும் வி.ஆர். ஹெட்செட்டுக்காகச் செய்யப்பட்டதில்லை என்பது எனக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஓசூரில் ஒரு மாலின் மூன்றாவது மாடியில், விண்கலம் ஓட்டும் விளையாட்டுக்கு வருகிறவர்கள் தலையில் அந்தப் பெட்டியை மாட்டிவிடுகிறேன். மூக்குக்கண்ணாடி, செருப்பு, ரவிக்கை என்று அடுத்தவர் உடம்புக்கு எதையாவது பொருத்தித் திட்டு வாங்குகிறவர்களே, கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள்.

கொண்டை

செல்வி, ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை செய்கிற பெண். விடுதித் தோழிகளோடு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பெரிய கொண்டை, சுற்றிக் கனகாம்பரம். ஹெட்செட்டின் பின்பட்டை உட்கார வேண்டிய இடத்தில்தான் அது இருந்தது. "கொஞ்சம் அவுத்துக்கிறியாம்மா?" என்றேன். கிட்னியைக் கேட்ட மாதிரி பார்த்தாள்.

சரியென்று மேல்பட்டையை மட்டும் இழுத்துக் கட்டினேன். கலம் கிளம்பியதும் பெட்டி மூக்குக்கு இறங்கிவிட்டது. என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"நிலா தெரியுதுக்கா. பாதி நிலா, பாதி என் செருப்பு."

திருகு

இவர் ஒரு சூப்பர்வைசர். தனக்குக் கீழே வேலை செய்யும் இருவரோடு வந்தார். ஹெட்செட் பட்டையை இறுக்க, நான் லேசாக வைத்திருந்த பின்திருகை, "இருபது வருஷமா போல்ட்டு முடுக்குறவன்மா நான்" என்று தானே முறுக்கிக்கொண்டார். உட்கார்ந்து ஆடுங்கள், மெதுவாகப் போங்கள் என்றேன். கேட்கவில்லை. நின்றுகொண்டே கலத்தை மூன்று குட்டிக்கரணம் அடிக்க வைத்தார். நான்காவதற்குள் மத்தியானப் பிரியாணி வெளியே வந்தது.

முதலாளியைக் கூப்பிட்டு, என்னை வேலையை விட்டே தூக்கச் சொன்னார். இருந்தாலும் நாற்காலி போட்டு, ஃபேனை முகத்துக்குத் திருப்பி, திருகைத் தளர்த்தி, "இன்னொரு தடவை பாருங்க சார்" என்றேன். இந்தமுறை வியாழன் வரை போய்த் திரும்பினார். நெற்றியில் சிவப்பு வளையம் மட்டும் மிச்சம். "கம்பெனியில நான் டைட் பண்ணா எவனும் வாந்தி எடுக்கிறதில்லையே!" என்று ஆச்சரியப்பட்டார். அவரோடு வந்த இருவரில் ஒருவர் என் காதருகே சொன்னது:

"எடுப்போம் மேடம். டாய்லெட்ல போயி."

வலது கண்

குருபரப்பள்ளி பஷீர் பாய் லாரி ஓட்டுகிறவர். மனைவி நசீமாவோடு வந்தார். எப்படி மாட்டினாலும் "மங்கலா இருக்கும்மா" என்றார். இரண்டு லென்சுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மாற்றினேன், லென்சைத் துடைத்தேன், வேறு ஹெட்செட்டே மாட்டினேன். கடைசியில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னேன். இடது கண்ணை மூடியதும் நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. "வலது கண்ணுல எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். இந்தக் கண்ணோடுதான் நெடுஞ்சாலையில் லோடு ஏற்றிப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். நசீமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. லாரிச் சாவியை அங்கேயே பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

கண்புரை. கிருஷ்ணகிரியில் ஆபரேஷன். சில மாதம் கழித்து, டாக்டர் சரி என்ற பிறகு, இருவரும் மறுபடி வந்தார்கள். பாய் சனிக்கிரகத்தின் வளையத்தை எண்ணி எண்ணிக் குதித்தார். நசீமா நன்றி சொல்வார் என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

"நீ பாட்டுக்குக் கண்ணைக் கண்டுபிடிச்சிட்டம்மா. இப்ப தினம் குழம்புல முடி கிடக்குதுன்னு இவரு கண்டுபிடிக்கிறாரு."

ஆக, ஆளை விண்வெளிக்கு அனுப்புவது பெரிய காரியமில்லை, ஏறும்போதும் இறங்கும்போதும் அவர்கள் நம்மைப் பார்க்கிற பார்வையைத்தான் எந்தத் திருகாலும் சரிசெய்ய முடிவதில்லை.