ராகுகாலத்தில் அடைத்த கடன்

வேலப்பனின் அப்பா வயிற்றுவலியில் செத்துப்போனார். பதினாறாம் நாள் கரமனைத் தெரு முழுவதும் வயிறு வலிக்கச் சாப்பிட்டது. நாலு வகைப் பிரதமன் பாயசம், வந்தவர் போனவருக்கெல்லாம் வேட்டி, புரோகிதருக்குப் பசு. செத்தவர் அதில் ஒரு பருக்கை தின்னவில்லை. மகன் மட்டும் வீட்டை ஈடு வைத்து எழுநூறு ரூபாய் கடன்பட்டான். தெரு அவனைப் பிதுர்பக்தன் என்று மெச்சியது. மெச்சியவர்களில் ஒருவரும் வட்டியில் பங்கு கேட்டு வரவில்லை.

கடன் கொடுத்தவர் பூதலிங்கம் பிள்ளை. சாலை என்கிற கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரி. நாஞ்சில் நாட்டுக்காரர், தூரத்து உறவும்கூட. மாதம் பத்து ரூபாய் வீதம் பத்து வருஷம் கட்டவேண்டும், தொடர்ந்து மூன்று தவணை தவறினால் வீடு அவருக்கு. ஓட்டு வீடுதான், ஆனால் பெரிய ரோட்டோரம். அரிசி மூட்டை அடுக்கக் கிட்டங்கி கட்ட அதைவிடத் தோதான இடம் கிடையாது என்று அவர் பலரிடம் சொல்லியிருந்தார்.

வேலப்பனின் மனைவி வடிவாம்பாளுக்கு அந்த வீடு வெறும் வீடல்ல. கொல்லையில் தித்திப்பான தண்ணீர் ஊறும் கிணறு, கிணற்றடியில் சோடா மிஷின். அவள் சக்கரத்தைச் சுற்றி, கோலிக்குண்டு வைத்த பாட்டில்களில் காற்று ஏற்றுவாள். வேலப்பன் கைவண்டியில் கிழக்கேகோட்டைக்குத் தள்ளிக்கொண்டு போவான். வீடு போனால் கிணறு போகும், கிணறு போனால் சோறும் போகும். இடவப்பாதி மழையில் சோடா குடிக்கிறவன் யார்? மூன்று மாதம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றினால் போதும், பிள்ளைக்குக் கிட்டங்கி கிடைத்துவிடும். இதை நினைத்தால் அவளுக்கு உறக்கம் வராது.

ஒரு வருஷம் ஒரு தவணையும் தவறாமல் கட்டிவிட்டு, பாக்கி எவ்வளவு என்று விசாரித்து வரச்சொன்னாள். வேலப்பன் போய்க் கேட்டு வந்தான்.

"அறுநூத்தி அறுபத்திரெண்டாம்."

"நூத்தியிருவது ரூவா குடுத்தோம்லா? முப்பத்தெட்டுதான் குறைஞ்சிருக்கா?"

"வட்டி போகாண்டாமா பிள்ளே? மாசம் பத்துல ஏழு வட்டிக்குப் போயிரும். பாக்கிதான் முதலுக்கு."

அவள் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தாள். "செரி, பன்னெண்டு குடுத்தா?"

"அப்பமும் வட்டி ஏழுதான்."

"அப்போ கூடக் குடுக்க ரெண்டு ரூவாயில அவருக்கு ஒரு சல்லிகூடப் பங்கு கிடையாது. அம்புட்டும் நம்ம வீட்டுக்கு!"

"உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? தவணையை இழுத்தடிக்கவன் உண்டு, கூடக் குடுக்கவன் உண்டுமா ஊருல?"

"இல்லைன்னா நாம முதல் ஆளு."

கோடையில் ஒரு மாதம் பத்துகூட அதிகம் மிஞ்சியது. மழையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சியது எதுவானாலும் முதல் கணக்கில் கழியவேண்டும் என்பது அவள் தீர்மானம். தலை தீபாவளிக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன புடவையை வேலப்பன் இன்னும் வாங்கித் தரவில்லை. அதைக்கூட அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

முதல் தடவை அதிகப் பணத்தைக் கண்டபோது பூதலிங்கம் பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். இரண்டாம் தடவை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். இந்தப் போக்கில் போனால் பத்து வருஷக் கடன் ஆறு வருஷத்துக்குள் தீர்ந்துவிடும். வட்டியும் போச்சு, கிட்டங்கியும் போச்சு. மூன்றாம் தடவை அவருக்குப் பஞ்சாங்கம் நினைவுக்கு வந்தது.

"வேலப்பா, தவணையை எப்பம் வேணும்னாலும் வாங்கலாம். கூடுதலா முதலை வாங்கதுக்கு நாள் பாக்கணும். லெட்சுமி காரியம்லா? இன்னைக்கு அஷ்டமி."

அடுத்த முறை நவமி. அதற்கடுத்த முறை கரிநாள். பிறகு ஆடி மாதமான கர்க்கடகம் பிறந்தது. அந்த மாதம் முழுவதுமே ஆகாது என்றார். வட்டிக்கு மட்டும் அஷ்டமியும் இல்லை, கர்க்கடகமும் இல்லை. அது நாள் பார்க்காமல் வளர்ந்துகொண்டிருந்தது. பஞ்சாங்கத்தை எழுதினவன் எப்போதும் பணப்பெட்டி வைத்திருக்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் எழுதினானோ என்னவோ! திரும்பி வந்த பணம் வீட்டில் தங்கவுமில்லை. அக்காள் மகளுக்குக் காதுகுத்து என்றான் வேலப்பன். சிநேகிதனுக்குக் கைமாற்று என்றான். கைமாற்று கைமாறியதோடு சரி.

வடிவாம்பாள் பொறுத்தது போதும் என்று ஒரு சனிக்கிழமை தானே கிளம்பினாள். சாலையில் அன்று நல்ல கூட்டம். பூதலிங்கம் பிள்ளை கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் காசு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"முதலுக்கு எட்டு ரூவா கொண்டுவந்திருக்கேன் அண்ணாச்சி."

"ஒம்பதரை மணிக்கா வருகே? சனியாச்ச ராகுகாலம்லா! பொறவு பாப்போம்."

அவள் திரும்பினாள். அவளுக்குப் பின்னால், கோட்டைக்குள் கல்யாணச் சமையல் செய்யும் சுப்பு ஐயர், இரண்டு மூட்டை அரிசிக்குப் பணம் எண்ணிக்கொண்டிருந்தார்.

"சாமி, காசை மடியில வச்சுக்கிடுங்க" என்றாள் வடிவாம்பாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "அண்ணாச்சி ராகுகாலத்துல லெட்சுமியைத் தொடமாட்டாரு."

"அப்படியா ஓய்?" சுப்பு ஐயர் எண்ணுவதை நிறுத்தினார். "அவ பணம் ஆகாது, என் பணம் மாத்திரம் ஆகுமோ? எனக்கென்ன, பத்தரைக்கு மேலே வரேன். அதுக்குள்ளே எதிர்த்தாப்பிலே இருக்கறவன் அரிசியைக் கொடுத்துட்டான்னா என்னைக் குத்தம் சொல்லப்படாது."

பக்கத்தில் நின்ற மலையாளத்துக்காரரும் பிறகு வருவதாகப் பையை மடித்துக்கொண்டார். "எங்கில் ஞானும் பின்னெ வராம் பிள்ளேச்சா." நாலைந்து பேர் சிரித்தார்கள். எதிர்க்கடைக்காரர் எழுந்து நின்று, தன் கடையில் ராகுவுக்கு வேலையில்லை என்று கை காட்டினார். மூன்று பேர் தெருவைக் கடந்தே விட்டார்கள்.

"ஏட்டி வடிவு, வாயை மூடு! சாமி, நில்லும்! கொண்டா பிள்ளே, கொண்டா அந்த எட்டு ரூவாயை!"

"பத்திரத்துக்குப் பின்னால எழுதுங்க. முதல் கணக்குல வரவுன்னு."

பெட்டியடியிலிருந்து பத்திரத்தை எடுத்து எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நேரத்தையும் சேத்து எழுதுங்க அண்ணாச்சி. சனிக்கிழமை காலத்தே, மணி ஒம்பதே முக்கால்."

அதற்குப் பிறகு அவள் மாதந்தோறும் சனிக்கிழமை ராகுகாலத்தில்தான் போனாள். வேறு நேரத்தில் வரச் சொல்லி அவரே கெஞ்சினார் என்று சாலையில் பேச்சு.

சில வருஷம் இப்படிப் போனபின், 1936 நவம்பரில் மகாராஜாவின் உத்தரவால் கோட்டைக் கோயிலை எல்லா ஜாதிக்கும் திறந்துவிட்டார்கள். அதுவரை கோயிலைச் சுற்றிய தெருவில்கூட நடக்கவிடாமல் விரட்டப்பட்டவர்கள் குடும்பம் குடும்பமாகக் கிழக்கேகோட்டைக்கு வந்தார்கள். உள்ளே இருக்கும் சிலை இத்தனை காலம் அவர்களைக் காணாமல் ஒன்றும் வாடிவிடவில்லை, வாடியதெல்லாம் மனிதர்கள்தான். வரிசையில் நின்று நாக்கு வறண்டு வந்தவர்களுக்குச் சில கடைகளில் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். வடிவாம்பாள் பாட்டிலை அப்படியே கையில் கொடுத்தாள்.

"நம்ம ஆளுக பொறவு இதுல குடிப்பாவளா?" என்று வேலப்பன் காதோடு கேட்டான்.

"குடிக்காதவனுக்குத் தாகம் இல்லைன்னு அர்த்தம். அடுத்த பெட்டியைத் திறங்க."

அந்த வாரம் இரண்டு பேருக்கும் தோள் கழன்றுபோயிற்று. பத்திரத்தில் முப்பத்தொன்பது ரூபாய் பாக்கி இருந்தது. அத்தனையையும் சில்லறைச் சக்கரக் காசாகத் துணியில் முடிந்துகொண்டு அவள் சாலைக்குப் போனாள்.

பூதலிங்கம் பிள்ளை முடிச்சைத் தொடவில்லை. கோயில் திறந்ததிலிருந்து அவருக்கு ஊரே தீட்டாகிவிட்டது.

"யாரு யாரெல்லாம் தொட்ட காசோ இது..."

"எல்லாரும் தொட்டதுதான். உங்களுக்கு ஆகாதுன்னா கடனைத் தள்ளிருங்க அண்ணாச்சி, நான் கொண்டுபோயிருகேன்."

முடிச்சு மறு நொடியே கல்லாப்பெட்டிக்குள் இருந்தது. ஒவ்வொரு சக்கரமாக எண்ணினார். எந்தச் சக்கரமும் அவர் விரலைச் சுடவில்லை. எண்ணி முடித்ததும், "கணக்கு செரிதான். நல்ல நாளா பாத்துப் பத்திரத்தை..." என்று ஆரம்பித்தார்.

வடிவாம்பாள் பக்கத்திலிருந்த அரிசி மூட்டைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கடைக்கு வந்த நாலு பேர் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பூதலிங்கம் பிள்ளை பெருமூச்சு விட்டுப் பத்திரத்தை எடுத்தார். முதலும் வட்டியும் முழுதும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

வெளியே வேலப்பன் வண்டியோடு நின்றான். அவள் இடுப்பில் செருகியிருந்த காகிதத்தைப் பார்த்தான், தொட்டும் பார்த்தான்.

"அப்போ அடுத்த மாசம் பத்து ரூவா...?"

"குடுக்காண்டாம்."

"யாருக்குமா?"

"யாருக்கும். வண்டியைத் தள்ளுங்க, வெயிலு ஏறுது. கோட்டையில ஆளுக நிக்காங்க."