கிராங்க்கேஸில் விழுந்த லாக்

என் புருஷன் ஒப்ராட் கல்யாணத்தன்றுகூட நகக்கண்ணில் கிரீஸோடு பாதிரியார் முன்னால் நின்றவர். பேச்சு கிடையாது. யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் முதலில் குனிந்து மேஜைக் கால் ஆடுகிறதா என்று பார்ப்பார். மோட்டார்சைக்கிள் எஞ்சினைத் திறந்துவிட்டாரென்றால் பக்கத்து வீடு பற்றி எரிந்தாலும் தலை நிமிராது. இப்பேர்ப்பட்ட மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியதற்கு எனக்குத்தான் சிலை வைக்க வேண்டும்.

அன்று எங்கள் குடும்பப் புனிதர் ஜார்ஜின் திருநாள். அந்த நாளில் எங்கள் வீட்டில் வேலை செய்வது பாவம். நான் துடைப்பத்தைக்கூடத் தொட மாட்டேன். ஆனால் முந்தின சாயங்காலமே ராதோசாவ் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். பிஸ்டன் ரிங் உடைந்திருந்தது. மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, மலைக்கு அந்தப் பக்கம் வால்யேவோ முகாமில், அவன் மகன் நெபோய்ஷா பட்டாள உறுதிமொழி எடுக்கிறான். பெற்றவர்கள் போய் நிற்காவிட்டால் அந்தப் பிள்ளை அநாதை மாதிரி நிற்கும். திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் பஸ் கிடையாது. ஊரில் கார் ஒன்றுகூட இல்லாத காலம். இருந்த இரண்டொரு மோட்டார்சைக்கிளும் திருநாளுக்கு வெளியூர் போயிருந்தன. நெபோய்ஷாவுக்கு ஞானத்தகப்பன் வேறு யாருமில்லை, என் புருஷன்தான். பாவமென்று தெரிந்தும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு விடியற்காலையில் எஞ்சினைத் திறந்தார்.

புது ரிங் போட்டாகிவிட்டது. பிஸ்டன் பின்னைப் பிடித்து நிறுத்துகிற லாக், நகத்துண்டு அளவுக் கம்பி வளையம், அது மட்டும்தான் பாக்கி. அதற்குள் பாதிரியார் வந்துவிட்டார். வீட்டுத் தலைவன்தான் திருநாள் ரொட்டியைப் பிடித்துச் சுழற்றித் தர வேண்டும். எஞ்சினின் அடிவயிறு மாதிரி இருக்கிற கிராங்க்கேஸுக்குள் எதுவும் விழாதபடி ஒப்ராட் அதன் வாயைத் துணியால் அடைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

புனிதர் பேரால் கோப்பையை உயர்த்தும்போது எங்கிருந்தாலும் நிமிர்ந்து நின்று ஒரே மடக்கில் குடிக்க வேண்டும். ராதோசாவுக்கு வண்டியை விட்டு வர மனசில்லை. முற்றத்திலேயே நின்று உயர்த்தினான். பதற்றத்தில் பிளம் சாராயம் கோட்டில் கொட்டிவிட்டது. மகன் முன்னால் போட்டுக்கொண்டு நிற்க வாங்கிய புதுக் கோட்டு. கைக்கு எட்டிய துணியை உருவித் துடைத்தான், பாவி!

ஒப்ராட் அவசரமாகத் திரும்பி வந்தார். மூக்குக் குறட்டால் லாக்கை அழுத்தினார். அது துள்ளியது. உள்ளே எங்கோ 'டிங்' என்று ஒரு சத்தம்.

"துணி எங்க?" என்றார்.

ராதோசாவ் தன் கையைப் பார்த்தான். "குமே... கோட்டத் தொடச்சேன்..." எங்களில் பிள்ளையின் ஞானத்தகப்பனைக் குமே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உன் கோட்டுல இடி விழ!" என்று கத்தினேன்.

ஒப்ராட் காந்தத்தைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டார். அது உள்ளே சுற்றுகிற இரும்புத் தண்டான கிராங்க்கிலேயே போய் ஒட்டிக்கொண்டது. கம்பி நுனியில் கிரீஸ் தடவித் துழாவினார். கறுப்பு எண்ணெய்தான் வந்தது. வெயில் ஏற ஏற ராதோசாவின் மனைவி ஸ்தானா கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி ரோட்டையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வேற லாக் இல்லையா குமே? போட்டு மூடு. உள்ளது உள்ளயே கிடக்கட்டும்," என்றான் ராதோசாவ்.

"கிராங்க்குல சிக்குனா எஞ்சின் பூட்டிக்கும். மலை வளைவுல பின்சக்கரம் அப்படியே நிக்கும். பின்னாடி ஸ்தானா உக்காந்திருப்பா."

"மெதுவாப் போறேன்."

"முடியாது."

எனக்கே பொறுக்கவில்லை. "யோவ் மனுஷா, உன் ஞானப்பிள்ளைதானே அங்க நிக்கிறான்? மூடித் தொலையேன்!" அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ராதோசாவ் கிக்கரில் காலை வைத்தான். சுழற்றினாலாவது மேலே வரும் என்று நினைத்தானோ என்னவோ. ஒப்ராட் பாய்ந்து அவன் காலைப் பிடித்தார். "மிதிச்சே, காலை ஒடிச்சிருவேன்."

"ஒப்ராட்," என்றான் அவன். பேர் சொல்லிக் கூப்பிட்டான்! உறவையே அறுத்துவிட்ட மாதிரி இருந்தது. "எம் புள்ளைக்கு நீ யாருமில்ல."

என் புருஷனின் தாடை ஆடியது. ஆனாலும் எஞ்சின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. "தலைகீழாக் கவுக்கணும். எல்லாரும் வாங்க," என்றார்.

விருந்தாளிகள் வெளியே ஓடிவந்தார்கள். பேட்டரியைக் கழற்றி, ஆயிலை வடித்து, திருநாள் உடுப்போடு வண்டியைத் தூக்கிக் கவிழ்த்தார்கள். அடியில் நான் பந்தி விரிப்பையே விரித்தேன். ஒப்ராட் மண்ணெண்ணெயைப் பீய்ச்சி, மரச்சுத்தியால் மெல்லத் தட்டினார். அழுக்கு வந்தது. லாக் வரவில்லை. மறுபடி ஊற்றினார், மறுபடி தட்டினார். தூக்கியவர்களுக்குக் கை கடுத்தது.

கோவில் மணி பன்னிரண்டு அடித்தது.

ஸ்தானா முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ராதோசாவ் மட்டும் வண்டியைத் தூக்கிப் பிடித்தபடியே சத்தமில்லாமல் அழுதான். அதற்குக் கொஞ்சம் பிறகுதான் அந்தக் கம்பித்துண்டு விரிப்பில் விழுந்தது. எனக்கு அதை எடுத்து ஒப்ராட் முகத்திலேயே விட்டெறியலாம் போல ஆத்திரம்.

எல்லாவற்றையும் மாட்டி வண்டி கிளம்பும்போது சாயங்காலம். எங்கள் திருநாள் ரொட்டியில் ஒரு துண்டுகூட வாங்காமல் போனார்கள். அந்த ராத்திரி நானும் அவரோடு பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் ஸ்தானா மட்டும் வந்தாள். ஒப்ராட் சூப் குடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்காமல் என்னிடம்தான் சொன்னாள்.

"போய்ச் சேர இருட்டிப்போச்சு. முகாம் வாசல்லயே புள்ள நின்னுக்கிட்டிருந்தான்டி. மத்தியானத்துலருந்து நிக்கிறானாம், காவல்காரன் சொன்னான். 'ஏன் வரல'ன்னு ஒரு வார்த்த கேக்கல. எங்க ரெண்டு பேரு தலையத் தடவுறான், கையத் தடவுறான், குனிஞ்சு முட்டியத் தடவுறான். 'எங்கயும் அடிபடலயே, எங்கயும் அடிபடலயே'ன்னு அதையே சொல்லிச் சொல்லி அழறான். மலையில விழுந்துட்டோம்னே நெனச்சிருக்கான்."

ஒப்ராட் கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்து பின்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். தோள் குலுங்குவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நான் போய்க் கூப்பிடவில்லை.